கட்டிக் கொடுத்த சோறு எத்தனை நாள்? பிறர் நூலகங்களை மென்பொருளோடு சேர்த்துக் கொடுப்பதா, வேண்டாமா

2023 செப்டம்பரில் கணினி வைத்திருந்தவர்களுக்கு ஒரு குழப்பம் வந்தது. முதலில் குரோம் உலாவி தன்னைப் புதுப்பிக்கச் சொன்னது. அடுத்து ஃபயர்ஃபாக்ஸ். அப்புறம் மின்னஞ்சலுக்கான தண்டர்பேர்டு. அப்புறம் அரட்டைச் செயலிகள், கடவுச்சொல் காப்பகங்கள் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தன. ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இத்தனை மென்பொருள்களும் ஒரே மாதத்தில் ஏன் அவசரப்பட்டன?

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே பாதுகாப்பு ஓட்டை. வெப்பி வகைப் படங்களைத் திறந்து காட்டும் லிப்வெப்பி என்ற நூலகத்தில், அதாவது பல மென்பொருள்களும் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு நிரலில், அது இருந்தது. படத்தைச் சுருக்கும்போது அடிக்கடி வரும் மதிப்புகளுக்குக் குட்டிக் குறியீடும், அரிதாக வருபவற்றுக்கு நீளக் குறியீடும் கொடுப்பார்கள். ஹஃப்மன் குறியீடு என்று இதற்குப் பெயர். படத்தைத் திறக்கும்போது அந்தக் குறியீடுகளை நினைவகத்தில் ஓர் அட்டவணையாக விரிக்க வேண்டும். அட்டவணை அதிகபட்சம் எவ்வளவு பெரிதாகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அந்த அளவுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். முறையாகச் செய்த படங்களுக்கு அந்தக் கணக்கு சரிதான். வேண்டுமென்றே கோணலாகச் செய்த ஒரு படம் வந்தால், அட்டவணை ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வழிந்தது. வழிந்த இடத்தில் தாக்குபவர் தனக்கு வேண்டியதை எழுத முடியும்.

ஆப்பிளின் பாதுகாப்புக் குழுவும் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபும் செப்டம்பர் 6 அன்று இதைக் கூகுளுக்குத் தெரிவித்தன. செப்டம்பர் 11 அன்று குரோம் திருத்தம் வந்துவிட்டது. ஆனால் லிப்வெப்பி குரோமுக்குள் மட்டும் இருக்கவில்லை. உலாவிகளும், எலக்ட்ரான் என்ற கட்டமைப்பில் எழுதிய மேசைக்கணினிச் செயலிகளும் ஒவ்வொன்றும் தன் வயிற்றுக்குள் ஒரு தனிப் பிரதி வைத்திருந்தன. இயங்குதளத்தில் இருக்கும் லிப்வெப்பியைத் திருத்தினாலும் இந்தப் பிரதிகளுக்கு ஒன்றும் ஆகாது.

போதாததற்கு, ஓட்டைகளுக்கு அடையாள எண் தரும் பொதுப் பட்டியலில் முதலில் இது குரோமின் ஓட்டை என்றே பதிவானது. நூலகத்தின் பெயரில் தனி எண் ஒன்று வந்தது மாதக் கடைசியில்தான். பிறகு அதுவும் முந்தைய எண்ணின் நகல் என்று திரும்பப் பெறப்பட்டது. நடுவில் எத்தனையோ திட்டங்கள் 'நம்மிடம் குரோம் இல்லையே' என்று நிம்மதியாக இருந்திருக்கும்.

கட்டிக் கொடுத்த சோறும் கற்றுக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்று கேட்பது நம் ஊர் வழக்கம். பிறர் எழுதிய நூலகத்தை நம் மென்பொருளோடு சேர்த்துக் கட்டிக் கொடுப்பதிலும் அதே கேள்விதான் நடுவில் நிற்கிறது. திறமூல மென்பொருள் எழுதுகிறவர்கள் இதற்கு என்ன விடை சொல்கிறார்கள், அதில் எது சரி என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## சில சொற்கள்

நூலகம் என்றால் ஒரு குறிப்பிட்ட வேலைக்காக யாரோ எழுதி, பிறரும் எடுத்துப் பயன்படுத்த வசதியாக வைத்திருக்கும் நிரல். நம் மென்பொருள் அது இல்லாமல் ஓடாது என்றால், அது நம் மென்பொருளின் சார்பு. நிரலர்கள் பேச்சில் டிபென்டென்சி. அந்த நூலகத்தை எழுதிப் பராமரிக்கும் மூலத் திட்டத்துக்கு அப்ஸ்ட்ரீம் என்று பெயர்.

சார்பைப் பயனருக்குக் கொண்டுசேர்க்க இரண்டு வழி. 'இது கணினியில் இருக்க வேண்டும்' என்று அறிவித்துவிட்டு, கொண்டுவரும் வேலையை இயங்குதளத்திடமோ, மென்பொருள் பொதிகளை நிறுவித் தரும் பொதி மேலாளரிடமோ விட்டுவிடலாம். அல்லது நாமே சேர்த்துக் கட்டிக் கொடுக்கலாம். இரண்டாவதைத்தான் பண்டில் செய்வது என்கிறார்கள். அதிலும் மூன்று வகை உண்டு.

1. நூலகத்தின் மூலநிரலையே நகலெடுத்து, நம் நிரலை வைத்திருக்கும் களஞ்சியத்துக்குள் ஓர் அடைவில் வைப்பது. அந்த அடைவுக்குப் பெரும்பாலும் 'வெண்டர்' என்று பெயர் இருக்கும். கோ மொழி இதை நேரடியாகவே ஆதரிக்கிறது.
2. நிரலைத் தொகுக்கும்போது நூலகத்தையும் ஒரே இயங்கு கோப்புக்குள் கலந்துவிடுவது. இது ஸ்டாட்டிக் லிங்கிங்.
3. வெளியிடும் கட்டத்தில் மட்டும் சேர்ப்பது. விண்டோஸ் நிறுவி, டாக்கர் படிமம், சார்புகளையும் ஒரே கோப்பில் அடைத்துத் தரும் ஜாவாவின் 'ஃபேட் ஜார்' எல்லாம் இந்த வகை.

லாக் கோப்பு என்பது இதில் சேராது. எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு என்று அது குறித்து வைக்கிறதே தவிர, நூலகத்தைச் சுமப்பதில்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு நடக்கும் வாதங்கள் ஏராளம்.

முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் உள்ள வித்தியாசம் ரொம்ப முக்கியம். மூலநிரலில் சேர்ப்பது ஒரு முடிவு, வெளியீட்டில் சேர்ப்பது வேறொரு முடிவு. பைத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விண்டோஸ் நிறுவியில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகம் கூடவே வருகிறது. லினக்ஸில் தொகுத்தால் கணினியில் இருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லையே எடுத்துக்கொள்கிறது. ஒரே திட்டம், இரண்டு இடத்தில் இரண்டு விடை, இரண்டும் சரி.

## சேர்ப்பதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன

பண்டில் செய்வது சோம்பேறித்தனம் என்று சிலர் ஒரேயடியாகச் சொல்லிவிடுவார்கள். அது நியாயம் இல்லை.

2016 மார்ச் 22 அன்று ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளுக்கான என்பிஎம் களஞ்சியத்திலிருந்து லெஃப்ட்பேட் என்ற பொதியை அதை எழுதியவர் நீக்கினார். ஒரு சொல்லின் இடப்பக்கம் இடைவெளி நிரப்பித் தரும் 11 வரி நிரல் அது. அதைச் சார்ந்திருந்த பேபல் போன்ற பெரிய கருவிகளை உலகம் முழுவதும் நிறுவ முடியாமல் போனது. என்பிஎம் நிர்வாகமே தலையிட்டுப் பொதியைத் திரும்ப வைத்த பிறகுதான் சரியானது. அன்று அந்த 11 வரியைத் தன் களஞ்சியத்துக்குள்ளேயே வைத்திருந்தவர்களுக்கு ஒரு சேதமும் இல்லை.

பைத்தானின் பொதி மேலாளர் பிப் இன்னொரு காரணத்தைக் காட்டுகிறது. மற்ற நூலகங்களை நிறுவுவதும் நீக்குவதும்தான் அதன் வேலை. இணையத்திலிருந்து கோப்புகளை எடுக்க அதற்குத் தேவையான ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தையே பயனர் தெரியாமல் நீக்கிவிட்டால்? பிப் செத்துப்போகும், திரும்ப நிறுவவும் வழி இருக்காது. அதனால் தன் சார்புகள் எல்லாவற்றையும் அது உள்ளேயே வைத்திருக்கிறது. இது நியாயமான விதிவிலக்கு.

எஸ்கியூலைட் தரவுதளத்தில் நூலகம் எழுதியவர்களே சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மூலக் கோப்புகளை ஒன்றாக்கி, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகள் கொண்ட ஒரே சி கோப்பாக வெளியிடுகிறார்கள். அதை அப்படியே உங்கள் திட்டத்தில் போட்டுக்கொள்ளலாம். முழு நிரலும் ஒரே கோப்பில் இருப்பதால் கம்பைலர் நன்றாகச் செதுக்க முடிகிறது, ஓட்டமும் சற்று வேகமாகிறது.

விண்டோஸில் பொது நூலகக் கிடங்கு என்று ஒன்று இல்லாதது இன்னொரு காரணம். அங்கே 'முதலில் இந்த ஐந்தை நிறுவிவிட்டு வாருங்கள்' என்று பயனரிடம் சொன்னால் அவர் திரும்பி வரவே மாட்டார்.

## அதற்குக் கொடுக்கும் விலை

2002 மார்ச்சில் இசட்லிப் நூலகத்தில் ஓர் ஓட்டை வெளியானது. தரவைச் சுருக்கவும் விரிக்கவும் ஏறக்குறைய எல்லோரும் பயன்படுத்தும் நூலகம் அது. ஒருமுறை விடுவித்த நினைவகத்தையே மறுபடி விடுவிக்கும் பிழை. திருத்தம் சிறியதுதான். டெபியன் லினக்ஸில் பொது நூலகத்தைப் புதுப்பித்ததும் அதைப் பகிர்ந்துகொண்ட நிரல்கள் எல்லாம் ஒரே வீச்சில் பாதுகாப்பாயின. ஆனால் ஆர்சிங்க் போன்ற சில நிரல்கள் இசட்லிப்பின் சொந்தப் பிரதியை உள்ளே வைத்திருந்தன. அவற்றைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருந்தது.

ஆர்சிங்கின் கதையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டு கணினிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் கருவி ஆர்சிங்க். ஒரு கோப்பில் மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும், மாறாத பகுதிகளை எதிர்முனை ஏற்கெனவே வைத்திருக்கிறது என்பதால் விட்டுவிடும். அனுப்புவதைச் சுருக்கும்போது அதை எழுதியவர்களுக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. அனுப்பாமல் விட்ட பகுதிகளையும் சுருக்கியின் நினைவில் ஏற்றிவிட்டால், அடுத்து வரும் பகுதி இன்னும் நன்றாகச் சுருங்குமே! ஆனால் 'இதை நினைவில் வைத்துக்கொள், வெளியே எழுதாதே' என்று சொல்ல இசட்லிப்பில் வழி இல்லை. அதனால் இசட்லிப்பை நகலெடுத்து, அந்த வசதியைச் சேர்த்துக்கொண்டார்கள்.

விளைவு, ஆர்சிங்க் அனுப்பும் சுருக்கிய தரவை அசல் இசட்லிப்பால் கையாள முடியாது. இனி பொது நூலகத்துக்கு மாறினால், உலகெங்கும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஆர்சிங்குகளோடு அந்த முறையில் பேச முடியாது. பல ஆண்டுகள் கழித்து அசல் இசட்லிப்போடு பொருந்தும் புதிய சுருக்க முறை ஒன்றைத் தனியாகக் கொண்டுவந்தார்கள். பழையதை முழுதாகக் கைவிட முடியவில்லை. 2022-இல் இசட்லிப்பில் இரண்டு ஓட்டைகள் அடுத்தடுத்து வெளியானபோது, ஆர்சிங்க் தன் உள்பிரதியிலும் இரண்டையும் தனித்தனியாகத் திருத்த வேண்டியிருந்தது. ஒரு நல்ல யோசனைக்காகச் செய்த சின்ன மாற்றம், 20 ஆண்டுகளுக்கு மேல் பராமரிக்க வேண்டிய பொறுப்பாகிவிட்டது.

சேர்ப்பதைவிடச் சேர்த்து மாற்றுவது பல மடங்கு ஆபத்து என்று நான் சொல்வது இதனால்தான்.

ஜாவா உலகில் விலை வேறு வடிவில் வந்தது. மென்பொருளில் நடப்பதைப் பதிவேட்டில் குறித்துவைக்கும் லாக்4ஜே நூலகத்தில் 2021 டிசம்பரில் வெளியான ஓட்டை, பதிவேட்டில் எழுதச் சொல்லும் ஒரு வரியை வைத்தே சர்வரைக் கைப்பற்ற இடம் கொடுத்தது. மேவன் சென்ட்ரல் களஞ்சியத்தில் 35,000-க்கும் மேற்பட்ட பொதிகள், அதாவது மொத்தத்தில் 8 சதவீதத்துக்கும் மேல், இதனால் பாதிக்கப்பட்டவை என்று கூகுள் அப்போது கணக்கிட்டது. அவற்றில் பெரும்பாலானவை நேரடியாகச் சார்ந்தவை அல்ல, சார்பின் சார்பு வழியாக இழுத்துக்கொண்டவை. இதற்கு மேல் ஃபேட் ஜார் சிக்கல். ஜாருக்குள் ஜார், அதற்குள் இன்னொரு ஜார். பெயர் மோதல் வராமலிருக்க நூலகத்தின் உட்பெயரையே மாற்றிச் சேர்த்தவர்களும் உண்டு. கோப்புப் பெயரைத் தேடினால் அகப்படாது. நிர்வாகிகள் 'ஜேஎன்டிஐ லுக்கப்' என்ற ஒற்றை கிளாஸ் கோப்பைத் தேடி ஒவ்வொரு ஜாரையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. இருப்பதே தெரியாத பிரதியை யார் திருத்துவார்?

கெட்டுப்போவதற்குப் பிழைதான் வேண்டும் என்பதும் இல்லை. நாடுகளின் நேர மண்டலத் தரவு அதற்கு உதாரணம். 2023 மார்ச்சில் லெபனான் அரசு கோடைக்கால நேர மாற்றத்தைக் கடைசி நேரத்தில் தள்ளிவைத்தது. சில நாளில் எதிர்ப்பு கிளம்பவே முடிவை மாற்றிக்கொண்டது. நேர மண்டலத் தரவுதளம் அந்த ஒரு வாரத்தில் இரண்டு பதிப்பு வெளியிட்டது, இரண்டாவது முதலாவதை ரத்து செய்ய. போஸ்ட்கிரெஸ் தரவுதளம் இந்தத் தரவின் பிரதி ஒன்றைக் கூடவே கொண்டுவருகிறது. ஆனால் கணினியின் பொதுப் பிரதியைப் பயன்படுத்தச் சொல்லும் தெரிவு ஒன்றையும் தொகுக்கும்போது தருகிறது. இல்லாதவருக்குச் சோறு, இருப்பவருக்கு அவர் வீட்டுச் சமையல். நல்ல ஏற்பாடு.

## லினக்ஸ் வழங்கல்கள் ஏன் எதிர்க்கின்றன

லினக்ஸையும் அதில் ஓடும் மென்பொருள்களையும் தொகுத்துத் தருபவைதான் லினக்ஸ் வழங்கல்கள். அவற்றில் ஒன்றான டெபியனின் கொள்கை ஆவணத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. பிறர் நிரலின் பிரதி பொதிக்குள் இருந்தால் அதைப் பயன்படுத்தாமல் பொது நூலகத்தையே பயன்படுத்த வேண்டும். அப்படிச் சேர்ப்பதற்காகவே எழுதப்பட்ட நூலகங்களுக்கு மட்டும் விலக்கு. இன்னொரு வழங்கலான ஃபெடோரா நெடுங்காலம் இன்னும் கண்டிப்பாக இருந்தது. 2015-இல் தளர்த்தியது. முடிந்தவரை பொது நூலகத்தைப் பயன்படுத்த வேண்டும், முடியாவிட்டால் எந்த நூலகத்தின் பிரதி உள்ளே இருக்கிறது என்று பொதியின் விவரக் கோப்பில் அறிவிக்க வேண்டும். அந்த ஒரு வரி அறிவிப்பு பெரிய காரியம். ஓட்டை வெளியானதும் 'இது யார் யாரிடம் இருக்கிறது' என்று நொடியில் கேட்டுவிடலாம்.

பொது நூலகத்தை நம்பினால் எல்லாம் சுகம் என்றும் சொல்ல முடியாது. 2006-இல் டெபியன் தன் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில் செய்த ஒரு மாற்றம், குறியாக்கச் சாவிகளை உருவாக்கத் தேவையான தற்செயல் தன்மையைப் பெருமளவு நீக்கிவிட்டது. 2008 மே மாதம்தான் அது வெளியே தெரிந்தது. அதற்குள் உருவான சாவிகளை, ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும், 32,768 சாத்தியங்களுக்குள் ஊகித்துவிடலாம் என்ற நிலை. அசல் ஓப்பன்எஸ்எஸ்எல்லைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் தப்பினார்கள்.

2024 மார்ச் 29 அன்று வெளியான எக்ஸ்இசட் விவகாரமும் அப்படித்தான். எக்ஸ்இசட் என்பது தரவைச் சுருக்கும் ஒரு மென்பொருள். அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு வைத்திருந்தார்கள். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரஸ் ஃபிராயண்ட் அதைத் துருவிக் கண்டுபிடித்தார். பொது நூலகத்தைப் பகிர்ந்துகொண்டதால்தான் அந்த நச்சு எஸ்எஸ்எச் வரை எட்ட முடிந்தது. பழைய பிரதியை உள்ளே வைத்திருந்தவர்களுக்குப் பாதிப்பு இல்லை. ஆனால் இதிலிருந்து 'பழசே பாதுகாப்பு' என்று முடிவு கட்டினால் தவறு. பின்கதவைத் தூண்டிவிடும் துண்டு மூலநிரல் இருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுத் தொகுப்புக் கோப்பில் மட்டும்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தொகுப்பை நகலெடுத்துத் தன் திட்டத்துக்குள் போட்டவர் இருந்தால், அவர் வழியாகவும் அது பரவியிருக்கும்.

## முடிவெடுக்கக் கேட்க வேண்டியவை

1. ஓட்டை வெளியாகும் நாளில், திருத்திய பதிப்பை யார் வெளியிடுவார், எத்தனை நாளில்? மற்ற எல்லாக் கேள்வியும் இதற்குக் கீழேதான். சேர்ப்பது என்றால் அந்த நூலகத்துக்கு நீங்களும் ஒரு பராமரிப்பாளர் ஆகிறீர்கள். கூகுளிடம் ஐந்து நாளில் குரோமைத் திருத்தி, தானாகவே பயனரிடம் சேர்க்கும் வசதி இருக்கிறது. வார இறுதியில் இரண்டு பேர் நடத்தும் திட்டத்தில், ஒருவர் ஊருக்குப் போயிருக்கும்போது ஓட்டை வெளியானால் என்ன ஆகும்? டெபியன், ஃபெடோரா போன்றவற்றில் இதற்கென்றே பாதுகாப்புக் குழுக்கள் இருக்கின்றன. அவர்களைவிட வேகமாக உங்களால் வெளியிட முடியாது என்றால், அந்த வேலையை அவர்களிடமே விடுங்கள்.

2. நூலகம் எதைத் தொடுகிறது? வெளியிலிருந்து வரும் படம், சுருக்கிய கோப்பு, வலையமைப்புத் தரவு, குறியாக்கம் ஆகியவற்றைக் கையாளும் நூலகத்தில் ஓட்டை வருமா என்ற கேள்வியே இல்லை, எப்போது வரும் என்பதுதான் கேள்வி. இவற்றை மூலநிரலில் சேர்க்கவே கூடாது என்பது என் கருத்து. இடைவெளி நிரப்பும் 11 வரிக்கு இவ்வளவு யோசனை வேண்டாம், உரிமக் குறிப்போடு நகலெடுத்துக்கொள்ளலாம்.

3. பயனர் எங்கே இருக்கிறார்? விண்டோஸ், ஆண்ட்ராய்டு பயனருக்கு வெளியீட்டில் சேர்த்தே ஆக வேண்டும். அதற்காக மூலநிரலிலும் சேர்க்க வேண்டியதில்லை.

4. நூலகத்தை மாற்ற வேண்டியிருக்கிறதா? மாற்றத்தை முதலில் மூலத் திட்டத்துக்கு அனுப்பிப் பாருங்கள். ஏற்க மறுத்தால், அதை உங்கள் பெயரில் தனி நூலகமாக ஆயுளுக்கும் நடத்தத் தயாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆர்சிங்கை நினைவில் வையுங்கள்.

5. உரிமம் என்ன சொல்கிறது? எம்ஐடி உரிமம் என்றால் பதிப்புரிமைக் குறிப்பைக் கூடவே வைக்க வேண்டும். எல்ஜிபிஎல் நூலகத்தை இயங்கு கோப்புக்குள் கலந்தால், பயனர் அந்த நூலகத்தின் வேறு பதிப்பை வைத்து மறுபடி இணைக்க வழி செய்ய வேண்டும். ஜிபிஎல் என்றால், மூலநிரலையும் கொடுக்க வேண்டும் என்ற அதன் நிபந்தனை முழு மென்பொருளுக்கும் பொருந்தும்.

## சேர்ப்பது என்று முடிவானால்

நூலகத்தை ஒரு எழுத்துகூட மாற்றாமல் தனி அடைவில் வையுங்கள். தவிர்க்க முடியாத மாற்றங்களைத் தனித் திருத்தக் கோப்புகளாக அருகில் வையுங்கள். பிப் இப்படித்தான் செய்கிறது. எந்த நூலகம், எந்தப் பதிப்பு என்று ஒரே பட்டியல் கோப்பில் எழுதி, அதைக் கொண்டு புதுப்பிக்கும் வேலையை ஒரு கட்டளையில் முடியும்படி செய்துவிடுங்கள். கையால் நகலெடுக்கும் நூலகம் புதுப்பிக்கப்படாமலே போகும்.

கணினியில் இருக்கும் நூலகத்தையே பயன்படுத்தும் தெரிவையும் கட்டாயம் கொடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் நோட்.ஜேஎஸ், இசட்லிப், ஓப்பன்எஸ்எஸ்எல் உட்படப் பலவற்றைக் கூடவே கொண்டுவருகிறது. ஆனால் தொகுக்கும்போது அவற்றில் பலவற்றுக்குப் பதில் கணினியின் பிரதியைக் காட்டலாம். லினக்ஸ் வழங்கல்களில் பொதி கட்டுபவர்கள் இதற்காகவே நன்றியோடு இருப்பார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலை மென்பொருள் உட்பொருள் பட்டியல் என்கிறார்கள், சுருக்கமாக எஸ்பாம். அதற்கு எஸ்பிடிஎக்ஸ், சைக்ளோன்டிஎக்ஸ் என்று பொது வடிவங்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டம் 2024 டிசம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். அந்தச் சந்தையில் விற்கும் மென்பொருளுக்கு உற்பத்தியாளர் இந்தப் பட்டியலை வைத்திருக்க வேண்டும். பணம் வாங்காமல் எழுதும் தன்னார்வலர் மேல் அந்தச் சுமை இல்லை. ஆனால் அவருடைய நூலகத்தை எடுத்துப் பயன்படுத்தும் நிறுவனம் பட்டியலைக் கேட்டு வரத்தான் செய்யும்.

## சேர்த்ததைப் பிரிப்பது

சேர்ப்பது ஒரு மதிய வேலை. பிரிப்பது அப்படி இல்லை. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் பல ஆண்டுகள், இணைய இணைப்புகளைக் கையாளும் யூஆர்எல்லிப்3 நூலகத்தைத் தனக்குள் வைத்திருந்தது. அதே நிரலில் யூஆர்எல்லிப்3 தனியாகவும் நிறுவப்பட்டிருந்தால் இரண்டு பிரதி ஓடும். ஒன்று எழுப்பும் பிழையை மற்றொன்றின் பெயரைச் சொல்லிப் பிடிக்க முடியாது, பெயர் ஒன்றானாலும் பைத்தானுக்கு அவை இரண்டு வேறு பொருள்கள். டெபியன் தன் பொதியில் உள்பிரதியை எடுத்துவிட்டு வெளி நூலகத்தைச் சுட்டியது, அதனால் டெபியனில் மட்டும் வரும் விசித்திரப் பிழைகளும் இருந்தன.

2017 மே மாதம், 2.16.0 பதிப்பில், ரிக்வெஸ்ட்ஸ் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, சாதாரணச் சார்புகளாக அறிவித்தது. ஆனால் பழைய உள்பாதையைத் தங்கள் நிரலில் எழுதி வைத்திருந்தவர்கள் உலகம் முழுவதும் இருந்தார்கள். அவர்களுக்காக ரிக்வெஸ்ட்ஸுக்குள் 'பேக்கேஜஸ்' என்ற ஒரு சின்னக் கோப்பு தங்கிவிட்டது. பழைய பெயரைக் கேட்டு வருகிறவரை வெளியில் இருக்கும் நூலகத்துக்குத் திருப்பி அனுப்புவது மட்டுமே அதன் வேலை.